'பெரிய மரம் விழுந்தால்' என்று டெல்லியில் எழுதலாமா?

ஜூன் 5, 2025. துவாரகாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பழைய தலைவர் போன வாரம் தவறிவிட்டார். நல்ல மனுஷர். ஊர்ப் பக்கம் இரங்கல் சுவரொட்டியில் 'ஆலமரம் சாய்ந்தது' என்று போடுவோமே, அந்த நினைப்பில் வாட்ஸாப் குழுவில் இந்தியில் இரண்டு வரி எழுதினேன். 'பெரிய மரம் விழும்போது நிலம் அதிரத்தான் செய்யும், இன்று நம் குடியிருப்பே அதிர்ந்து நிற்கிறது' என்று. பத்து நிமிடத்தில் நான்காவது மாடி சர்தார்னி அம்மா குழுவை விட்டு விலகிவிட்டார். இன்னொருவர் 'அதை அழித்துவிடுங்கள்' என்று தனியாக அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. நான் டெல்லிக்கு வந்து 3 வருஷம்தான் ஆகிறது. என்ன தப்பு செய்தேன்? உவமை எல்லோருக்கும் பொதுதானே?

ஜூன் 5, இரவு 9.40

அழித்துவிட்டீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஜூன் 5, இரவு 10.25

சரி, விஷயம் இதுதான். 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். இருவரும் சீக்கியர்கள். அடுத்த மூன்று நான்கு நாட்கள் டெல்லியில் சீக்கியர் வீடுகளைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அரசு பிறகு ஒப்புக்கொண்ட கணக்கே டெல்லியில் மட்டும் 2,733 பேர். அந்தச் சூட்டில் ராஜீவ் காந்தி சொன்ன வாக்கியம், பெரிய மரம் ஒன்று விழும்போது நிலம் கொஞ்சம் அதிரும் என்பது. நீங்கள் குழுவில் போட்டது கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் அதே.

துவாரகாவுக்குப் பக்கத்திலேயே பாலம், ராஜ் நகர் இருக்கிறது. அங்கே ஐந்து பேரைக் கொன்ற வழக்கில் முன்னாள் எம்.பி. ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018 டிசம்பரில். 34 வருஷம். உங்கள் நான்காவது மாடி அம்மா எங்கே வளர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

ஜூன் 6, காலை 7.15

ஒரு திருத்தம். நேற்று 'அந்தச் சூட்டில்' என்று எழுதினேன். ராத்திரி உறுத்திக்கொண்டே இருந்தது, எழுந்து பார்த்தேன், தப்பு. அந்தப் பேச்சு நவம்பர் 19-ஆம் தேதி, போட் கிளப் மைதானத்தில். இந்திராவின் பிறந்த நாள். கொலைகள் ஓய்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. முகாம்களில் கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேதிதானே என்று விடலாம். விட முடியவில்லை. தாயைப் பறிகொடுத்த அன்று ஒரு மகன் என்ன உளறினாலும் கேட்டுக்கொள்ளலாம். 19 நாள் கழித்து, பிரதமராக, மைக்குக்கு முன்னால் நின்று சொன்னது வேறு கணக்கு. இத்தனை வருஷமாக நான் அதைச் 'சூட்டில் சொன்னது' என்றே மனசுக்குள் வைத்திருந்திருக்கிறேன். எனக்கே அது வசதியாக இருந்திருக்கிறது போலிருக்கிறது.

ஜூன் 6, இரவு 11.00

'நீங்கள் என்ன நேரில் பார்த்தவரா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பார்த்தவன்தான்.

எனக்கு அப்போது 12 வயது. ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு, அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. அக்டோபர் 31 சாயங்காலமே எய்ம்ஸ் பக்கம் குடியரசுத் தலைவர் ஜைல் சிங்கின் கார்கள் மீது கல் விழுந்தது. மறுநாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மூன்று திசையில் புகை. அம்மா கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டாக்சி ஸ்டாண்ட் ஒன்று உண்டு. கயிற்றுக் கட்டில், ஒரு தண்ணீர்ப் பானை, வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டிய டெலிபோன் பெட்டி, நாலைந்து கருப்பு மஞ்சள் அம்பாசடர். ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு எங்களைக் கொண்டுபோய் விடுவது அங்கே இருந்த ஒரு சர்தார்ஜிதான். டிரங்குப் பெட்டியைத் தூக்கி மேலே கட்டிவிட்டு, 'மதராஸில் எனக்கு ஒரு தேங்காய்' என்பார். அப்பா ஒவ்வொரு வருஷமும் மறந்துவிடுவார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது கார்கள் எலும்புக் கூடாக நின்றன. கட்டில் இல்லை, டெலிபோன் பெட்டி இல்லை.

டிசம்பரில் ஸ்டாண்ட் மறுபடி வந்தது. ஒரே ஒரு கார். நான் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். 'ஓய் மதராசி, தேங்காய் எங்கே' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு ஆள். தலைப்பாகை இல்லை, முடி ஒட்ட வெட்டியிருக்கிறது, தாடியும் இல்லை. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஓடி வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, மாலை 5.30

ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருக்கிறது. நல்ல நேரம், கொஞ்சம் இலக்கணம் பேசலாம்.

ஏழாம் வகுப்பில் தமிழய்யா சொல்லிக் கொடுத்தது: எரிந்தது என்றால் தன்வினை, எரித்தார்கள் என்றால் பிறவினை. மரம் விழும், நிலம் அதிரும். இரண்டு வினையிலும் செய்தவன் இல்லை. வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடு வீடாகப் போனவர்கள், மண்ணெண்ணெய் கொண்டுவந்தவர்கள், டயர் கொண்டுவந்தவர்கள், பார்த்துக்கொண்டு நின்ற போலீஸ் என்று யாருக்கும் அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. பூகம்பத்துக்கு யார் மேல் வழக்குப் போடுவது?

இதை எழுதிவிட்டு மேலே என் ஜூன் 6 குறிப்பைப் படித்தேன். 'கல் விழுந்தது' என்று எழுதியிருக்கிறேன். கல் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? எறிந்தார்கள். திருத்தாமல் அப்படியே விடுகிறேன், இருக்கட்டும்.

2005 ஆகஸ்டில் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் மன்னிப்புக் கேட்டபோது வெட்கத்தில் தலை குனிகிறேன் என்றார். அதுவும் உருவகம்தான், தேய்ந்து போன உருவகம். ஆனால் குனிவதற்கு ஒரு தலையும் அந்தத் தலைக்கு ஒரு ஆளும் அதில் உண்டு. இதுவும் இரண்டு மூன்று சொல்தான். காது அதை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது.

ஜூன் 8, இரவு 8.10

ஆலமரத்துக்கு வருகிறேன். ஊரில் சுவரொட்டியில் அடுத்த வரி என்ன? 'விழுதுகள் தவிக்கின்றன.' அதாவது பிள்ளைகள் அழுகிறார்கள். டெல்லி வாக்கியத்தின் அடுத்த வரி என்ன? நிலம் அதிரும். அதாவது யாரோ சாவார்கள், கண்டுகொள்ளாதே. முதல் பாதி இரண்டிலும் ஒன்றுதான். அதனால் என் யோசனை: மரத்தோடு நிறுத்திக்கொண்டு அதிர்ச்சியை விட்டுவிடுங்கள், யாருக்கும் வலிக்காது.

ஜூன் 8, இரவு 8.50

வாபஸ். வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் சண்டிகரில் வளர்ந்தவள். 'முதல் பாதி சொன்னாலே இரண்டாம் பாதி இங்கே தானா வந்துடும், அதைக் கேக்காம இருக்கறதுக்குக் காதைக் கழட்டி வைக்கணும்' என்றாள். 

ஜூன் 9, காலை 9.00

கரோல்பாக் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: இப்படிப் பார்த்தால் எந்தச் சொல்லையும் தொட முடியாது, எல்லாமே அரசியல் சின்னம். உண்மை. இன்று காலையில் நானே கையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பால்கனித் தொட்டியில் தாமரைக்குக் கீழே சேர்ந்த குப்பையைக் கூட்டினேன். ஒரே வாக்கியத்தில் மூன்று கட்சி. எனக்கு எந்த ஊறும் நேரவில்லை.

சும்மா எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண் இரண்டு நாள் வந்து நான்கு நாள் வராவிட்டால் 'ஆயாராம் காயாராம்' என்கிறோம். 1967-இல் பக்கத்து ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறியதில் பிறந்த சொல். கட்சித் தாவல் தடைச் சட்டமே 1985-இல் வந்துவிட்டது, சொல் மட்டும் பூனைக்கும் பால்காரனுக்கும் இறங்கி வந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை.

'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' இருக்கிறதே, திராவிட இயக்கத்தின் பெரிய முழக்கம். அதை டெல்லித் தமிழர்கள் படுத்துகிற பாடு உங்களுக்குத் தெரியாது. இங்கே கிரேட்டர் கைலாஷ், ஹவுஸ் காஸ் எல்லாம் தெற்கு டெல்லி. அதனால் யமுனைக்கு இந்தப் பக்கம், மயூர் விஹாரில் கிடக்கிற நாங்கள் 'தெற்கு வாழ்கிறது, கிழக்கு தேய்கிறது' என்போம். மேடையில் ஒருவர் இப்படிச் சொன்னபோது முதல் வரிசையில் இருந்த ஒரு பழைய கழகத்துக்காரர்தான் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

ஜூன் 11, இரவு 10.45

மேலே சிரித்ததற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருபது இருபத்தைந்து தமிழர்கள் கிரிக்கெட் பேச ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். ஜூன் 1, ஞாயிறு இரவு, ஐ.பி.எல்.லில் பஞ்சாபும் மும்பையும். மழையால் தாமதமாகித் தொடங்கிய ஆட்டம். ஷ்ரேயஸ் 41 பந்தில் 87. குதூகலத்தில் நான் எழுதினேன்: 'புல்டோசர் இறங்கிடுச்சு, இனி ஒரு சுவர் நிக்காது.'

அன்று காலைதான் ஜங்புராவில் மதராசி கேம்பை இடித்தார்கள். பாராபுல்லா வடிகால் ஓரம், பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் இருந்த இடம், 370 வீடுகள். உயர் நீதிமன்ற உத்தரவு. அதில் 189 குடும்பத்துக்கு நரேலாவில் வீடு என்றார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒருவன் அந்த கேம்ப்பில் பிறந்தவன். காலையில் அந்தப் படங்களைப் பார்த்து நானும் உச்சுக் கொட்டியவன்தான். நள்ளிரவு தாண்டிக் கை தானாக அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. (தானாக! மறுபடியும் தன்வினை.)

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று போட்டான். அது ஆட்டத்துக்கா எனக்கா என்று தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து, நேற்றுத்தான் போன் செய்தேன். 'மன்னிச்சுக்கப்பா, அன்னிக்கு வாய்த் துடுக்கா எழுதிட்டேன்' என்றேன். அவனுக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. 'அதுவா அண்ணே, அத விடுங்க' என்று தொடங்கி, நரேலாவிலிருந்து வேலைக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும், தண்ணீர் எப்போது வருகிறது, பிள்ளைக்கு லோதி ரோடு தமிழ்ப் பள்ளியை விட்டுவிடுவதா என்று அரை மணி நேரம் பேசினான். சொல்லைப் பற்றிய கவலை எனக்கு. அவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

இதனால் நான் எழுதியது சரியாகிவிடாது. ஆனால் இந்த இழையில் வேர்வை சிந்திக்கொண்டிருப்பது யார் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 12, காலை 6.50

புல்டோசர் பற்றி ஒரு பொறியாளர்: 'சார், வீடு இடிப்பது புல்டோசரே அல்ல. அது ஜேசிபி, முன்னால் வாளி, பின்னால் தோண்டும் கை. புல்டோசருக்கு முன்னால் பட்டையான தகடு இருக்கும், அது மண் தள்ளத்தான்.' சரியாகச் சொன்னார். தெருவில் நிற்கும்வரை எல்லோரும் அதை ஜேசிபி என்றுதான் சொல்கிறோம். தேர்தல் மேடையில் ஏறினால்தான் அதற்குப் புல்டோசர் என்று பெயர்.

ஜூன் 13, இரவு 9.30

சொல்லலாமா வேண்டாமா என்று இருந்த ஒன்று. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். விடிவதற்குள் செய்தி டெல்லிக்கு வந்துவிட்டது. கொன்றது யார் என்று அப்போது தெரியாது, ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. எங்கள் வீட்டில் அப்பா கதவைத் தாழிட்டுவிட்டு, 'பெரிய மரம் விழுந்திருக்கு. இந்தத் தடவை நிலம் நம்ம பக்கம் அதிரும்' என்றார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதே வாக்கியம், அதைச் சொன்னவருக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அப்பா சொன்னபோது அதில் குற்றம் இல்லை, ஏனென்றால் அவர் மரத்துக்குக் கீழே நிற்கிறவர். மேடையில் நிற்கிறவர் சொன்னால் சாக்கு, கீழே நிற்கிறவர் சொன்னால் பயம். உவமை எந்த இடத்துக்குப் போகிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே நின்று சொல்கிறோம் என்று பாருங்கள்.

ஜூன் 15, மதியம் 1.20

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு 81 வயது, ஞாபகம் கத்தி மாதிரி.

'உங்கப்பா அப்படியெல்லாம் சொல்லவே இல்லை. மரமாவது கிரமாவது. இன்னிக்கு பால் பூத்துக்குப் போக வேண்டாம், பவுடரைக் கரைச்சு காபி போடுன்னார். அப்புறம் வாசல்ல இருந்த பேர்ப் பலகையைக் கழட்டி உள்ள வைக்கச் சொன்னார். நீதான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினே.'

ஆக, போன குறிப்பில் நான் கட்டிய கோபுரம் ஒரு டம்ளர் பால் பவுடரில் கரைந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. பித்தளைப் பலகை, நான்கு திருகு, ஒன்று துருப்பிடித்துக் கழலவே இல்லை. எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பலகையை மறுபடி மாட்டினோம், மூன்று திருகோடு.

மரத்தைப் பற்றிய வாக்கியத்தை அப்பா வாயில் எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. பின்னால் எங்கோ படித்து, இது அப்பாவுக்குப் பொருந்துமே என்று நானே ஒட்டியிருப்பேன். உருவகத்தை வேறு இடத்தில் எடுத்துப் போடலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் அதைச் செத்துப்போன என் அப்பா பேரிலேயே போட்டிருக்கிறேன், தெரியாமல்.

ஜூன் 18, இரவு 10.00

நொய்டாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: 'மரத்தை விடுங்கள் சார், நம் மொழியிலிருந்தே போன சொல் ஒன்று ஆங்கிலத்தில் தினமும் ஓடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?' பறையா என்பதைச் சொல்கிறார். உலகம் ஒதுக்கிய நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பறையா நாடு' என்று எழுதும். தெருநாய்க்கும் அந்தப் பெயர். பறை அடித்தவர்களின் பெயர், 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய் 'ஒதுக்கப்பட்டவன்' என்று ஆகி, இன்று அதை எழுதுகிறவருக்கு அது ஒரு சாதியின் பெயர் என்றே தெரியாது. இரண்டையும் 'தூரம் போன உவமை' என்று ஒரே தட்டில் வைப்பதா? ஆயாராமுக்கு அப்படித் தூரம் போனது நல்லது. இதற்கு அது நல்லதாக ஆகவில்லை. அந்தப் பெயரோடு வாழ்கிற மனிதர்கள் எங்கும் போய்விடவில்லை, பத்திரிகையும் படிக்கிறார்கள்.

என் கதை ஒன்று. பழைய அலுவலகத்தில் ஒரு கூட்டம். பெரிய அதிகாரி, தமிழ் தெரியாதவர், நிதி ஒதுக்கவில்லை என்ற கடுப்பில் 'நம் பிரிவை பறையாவாக்கிவிட்டார்கள்' என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, விழுப்புரம் பக்கத்து இளைஞர், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேனா நின்றதா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. அந்த வாக்கியம் மட்டும் 'பிரிவு புறக்கணிக்கப்படுவதாகத் தலைவர் கருத்துத் தெரிவித்தார்' என்று இருந்தது. அவர் எழுதியது. நான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூன் 25, காலை 8.30

இன்றைக்கு எமர்ஜென்சி வந்து 50 வருஷம். எங்கள் வீட்டில் அது கேலிச் சொல். பாட்டி ஊரிலிருந்து வந்தால் 'எமர்ஜென்சி ஆரம்பம்' என்பார் அப்பா. காபி வேளையில், விளக்கு ஏழு மணிக்கு, ரேடியோ மூச். அவருக்கு நிஜ எமர்ஜென்சி பிடித்தே இருந்தது: எல்லோரும் ஒன்பதரைக்கு ஆபீஸ் வந்தார்கள், கோப்பு நகர்ந்தது. வினோபா சொன்ன 'அனுசாசன் பர்வம்' என்பதைச் சுவரெல்லாம் எழுதி வைத்தார்கள். அம்புப் படுக்கையில் கிடந்து பீஷ்மர் தருமனுக்கு நீதி சொல்கிற பகுதியின் பெயர், 'ஒழுங்காக வேலைக்கு வா' என்பதற்கு விளம்பரம் ஆயிற்று. 1976 ஏப்ரலில் பழைய டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்து, எதிர்த்தவர்கள் மேல் சுட்டார்கள். அதே சமயம் தமிழ்நாட்டில் சிறைக்குப் போய் வந்தவர்கள், தங்களை உள்ளே தள்ளிய சட்டத்தின் பெயரான 'மிசா' என்பதைப் பெயருக்கு முன்னால் பட்டமாக வைத்துக்கொண்டார்கள். ஒரே 21 மாதம்.

அப்பாவின் கேலியை நான் என் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். இனி சொல்வேனா என்றால், சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். துர்க்மான் கேட் ஆள் ஒருவர் எதிரே இருந்தால் மாட்டேன். இது கோழைத்தனமா நாகரிகமா, போங்கள்.

ஜூன் 27, மாலை 7.00

துவாரகா வாசகர் எழுதியிருக்கிறார். நான்காவது மாடிக்குப் போனாராம். 'ஆன்ட்டி, எனக்குத் தெரியாது' என்றாராம். அந்த அம்மா, 'உனக்குத் தெரியாது என்று தெரியும் பேட்டா, நீ மதராசி' என்று சொல்லிவிட்டு டீ கொடுத்தாராம். 1984 பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போன தலைவர் லிஃப்ட் பராமரிப்புக் காசில் என்னவெல்லாம் செய்தார் என்று ஒரு மணி நேரம் சொன்னாராம். குழுவில் மறுபடி சேரவில்லை. ஆலமரம் பற்றிய தம் கருத்தையே மறுபரிசீலனை செய்வதாக வாசகர் எழுதியிருக்கிறார்.

ஜூன் 30, காலை 10.15

நேற்று மழையில் எங்கள் பிளாக்கின் பின் கேட் பக்கம் வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். குழுவில் தகவல் போட வேண்டும், அந்தப் பக்கம் யாரும் காரை எடுக்கக் கூடாது. இந்தியில் தட்டினேன்: 'பின் கேட்டில் பெரிய மரம்...' அதற்கு மேல் விரல் போகவில்லை. 'பெரிய' என்பதை அழித்தேன். 'மரம்' என்பதை 'வேம்பு' ஆக்கினேன். 'விழுந்துவிட்டது' என்பதை 'வழியை அடைத்திருக்கிறது' என்று மாற்றினேன். சாலையைத் தாண்டினால் திரிலோக்புரி, 1984-இல் மிக அதிகம் பேரைக் கொன்ற இடங்களில் ஒன்று. எங்கள் பிளாக்கில் நான்கு சீக்கியக் குடும்பம்.

நான் இப்படித் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், தரைத்தளத்து சர்தார்ஜி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தம் ஆல்டோவைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரே வரி: 'பெரிய மரம் விழுந்துவிட்டது, என் வண்டி மட்டும் கொஞ்சம் அதிர்ந்தது.'

நாற்பத்து மூன்று பேர் படித்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. ஒருவர்கூடச் சிரிக்கிற படம் போடவில்லை, அழுகிற படமும் போடவில்லை. நான் மாநகராட்சித் தோட்டப் பிரிவின் எண்ணை அனுப்பிவைத்தேன். 'நன்றி ஜி, மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை' என்று பதில் வந்தது.